கதைக்குள் நம் பிள்ளைகள் வேடம் கட்டட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. கோடை விடுமுறை நேரம் என்பதால் பெற்றோர்களும், பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

கதைப் புத்தகம் படிப்பதையும் வேடம் ஏற்று விளையாடுவதையும் ஒன்றாகக் கலந்த ஒரு வகை உலகமெங்கும் பரவியிருக்கிறது. மாய உலகம், அதில் நீங்களே நாயகன். "இடப்பக்கக் குகைக்குள் போகிறாயா, ஆற்றைக் கடக்கிறாயா?" என்று கதை உங்களைக் கேட்கும். நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்துக் கதை வேறு வழியில் திரும்பும். கைப்பேசியிலும் கணினியிலும் நம் பிள்ளைகள் இதைத்தான் மணிக்கணக்கில் ஆடுகிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில், யாரோ எழுதி வைத்த கதைக்குள்.

என் கருத்து இதுதான். இந்த வகையைத் திட்டுவதால் பயனில்லை. விளையாடுவதோடும் நின்றுவிடக் கூடாது. நம் பிள்ளைகள் தமிழில் இதைத் தாங்களே உருவாக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க வெளியூர் நிபுணர் வேண்டாம்; நம் திருவண்ணாமலை மாவட்டத்துக் கூத்துக் களமே போதும்.

முதலில் வரலாறு சுருக்கமாக. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, "நான் இதைச் செய்கிறேன்" என்று வாயால் சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். 1979இல் எட்வர்ட் பேக்கார்ட் எழுதிய 'தி கேவ் ஆஃப் டைம்' என்ற சிறுவர் புத்தகம் வந்தது. ஒரே புத்தகம், 40 முடிவுகள். 1982இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் இரண்டையும் சேர்த்து 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுன்டன்' எழுதினார்கள். எண் போட்ட 400 பகுதிகள், இரண்டு பகடைகள், ஒரு பென்சில். தனியாக உட்கார்ந்து ஆடலாம்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு ஒட்டாது என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு நான் நம் ஊர்ப்பக்கத்துப் பாரதக் கூத்தைக் காட்டுவேன்.

திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் பகலில் என்ன நடக்கிறது? பிரசங்கியார் உட்கார்ந்து வில்லிபாரதம் சொல்கிறார். அது வாசிப்பு. இரவில் என்ன நடக்கிறது? அதே கதை புஜக்கட்டையும் கிரீடமும் கட்டிக்கொண்டு ஆடுகிறது. அது வேடம். ஊர் சும்மா பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. பகாசூரன் வதத்தன்று சோற்று வண்டி தெருவில் வரும்போது ஊரே ஏகசக்கரபுரம் ஆகிவிடுகிறது. அர்ச்சுனன் தபசு மரம் ஏறி மேலிருந்து எலுமிச்சம்பழம் போட்டால், பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்கிறார்கள். படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் ஊர்ப் பொட்டலில் கிடக்கிறான். நூலும் வேடமும் பார்ப்பவரும் ஒன்றாகக் கலந்த கதை இதைவிட வேறு உண்டா?

இந்தக் களத்திலிருந்து மூன்று பாடங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

முதல் பாடம், கட்டியங்காரனிடமிருந்து. திரைக்குப் பின்னால் இருந்து வேடம் வெளிப்படும்போது, "தாங்கள் யார்? எந்த நாடு? வந்த காரியம் என்ன?" என்று அவன் கேட்பான். ராஜாவாகவே இருந்தாலும் தன் வாயால் பதில் சொல்லியாக வேண்டும். மேசை விளையாட்டில் கதை நடத்துபவர் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுதான். கைப்பேசி விளையாட்டில் இது விடுபட்டுப் போகிறது. அங்கே பிள்ளை பொத்தானை அழுத்துகிறது, பேசுவதில்லை. பொத்தானை அழுத்துவது வேடம் கட்டுவது ஆகாது. "நான் இன்னார், இந்தக் காரணத்தால் இந்த வழியில் போகிறேன்" என்று இரண்டு வாக்கியம் சொந்தமாகச் சொன்னால்தான் அது வேடம்.

இரண்டாம் பாடம், படுகளத்திலிருந்து. எத்தனை முறை ஆடினாலும் துரியோதனன் தொடையில் அடிபட்டு விழத்தான் வேண்டும். முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் விடியும்வரை கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கிறோம். ஏன்? அந்த முடிவை நோக்கி ஒவ்வொருவரும் எப்படி நடக்கிறார்கள் என்பதைப் பார்க்க. கர்ணனுக்குத் தான் யார் என்று தெரிந்த பிறகும் அவன் நண்பனை விடவில்லை. அதுதான் கதை. ஆகவே முடிவுகள் அதிகம் இருந்தால் நல்ல கதை என்று எண்ண வேண்டாம். தேர்ந்தெடுக்கும் இடம் குறைவாக இருந்தாலும், அது வலிக்கும் இடமாக இருக்க வேண்டும்.

மூன்றாம் பாடம் இதிலிருந்தே வருகிறது. ஒரு பக்கம் புதையல், ஒரு பக்கம் பாம்பு என்று வைத்தால் அது தேர்வு இல்லை. வெறும் குருட்டு அதிர்ஷ்டம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் இழப்பு இருக்க வேண்டும். வேதாளம் விக்கிரமாதித்தனை மாட்டிவிடுவது இப்படித்தானே? பதில் தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும், பேசினால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும்.

இப்போது தமிழாசிரியர்களுக்கு ஒரு சேதி. இந்த வகைக் கதை 'நீ' என்று வாசகரை அழைத்து எழுதப்படுவது. நம் மொழியில் 'அவன் வந்தான்', 'அவள் வந்தாள்' என்று பால் பிரியும். ஆனால் 'நீ வந்தாய்' என்பதில் ஆண் பெண் பிரிவு கிடையாது. பையனும் நாயகன் ஆகலாம், பெண் பிள்ளையும் நாயகி ஆகலாம். ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். அதேபோல் 'போனால்', 'போகாவிட்டால்', 'போயிருந்தால்' என்ற எச்சங்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சொல்லிக்கொடுக்கிறோம். கிளைக்கதை எழுதும் பிள்ளைக்கு இந்த மூன்றும் இல்லாமல் ஒரு பக்கம்கூட நகராது. இலக்கணம் தேவையாக வரும்போது அது தானாகப் படியும்.

கணக்கு ஆசிரியருக்கும் இதில் வேலை உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு வழி பிரித்துக்கொண்டே போனால் 5 திருப்பத்தில் 32 முடிவு, 10 திருப்பத்தில் 1024 முடிவு. எந்தப் பிள்ளையால் அத்தனை எழுத முடியும்? ஆகவே பிரிந்த வழிகளை மறுபடி ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது என்று தாளில் மரம்போல் வரைந்து பார்க்கும்போதே பிள்ளைக்குத் திட்டமிடுதல் வந்துவிடும்.

சரி, எப்படித் தொடங்குவது? 40 பக்க நோட்டு ஒன்று, ஒரு பென்சில், வீட்டில் இருக்கும் தாயக்கட்டை அல்லது சோழி. இது போதும். கதைக்களத்துக்கு நம் ஊரைவிட வேறு எங்கே போவது? 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. வழியில் இந்திரலிங்கம் முதல் ஈசான்யலிங்கம் வரை எட்டு லிங்கங்கள். எட்டு நிறுத்தம், எட்டுத் திசை, ஒவ்வொன்றிலும் ஒரு சந்திப்பு. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் வழி பிரியட்டும். 20, 25 பகுதிகளில் கதை முடியட்டும்.

கதைக்கரு வேண்டுமா? அடிமுடி தேடிய கதை நம் ஊர்க் குழந்தை ஒவ்வொன்றுக்கும் தெரியும். அன்னமாகப் பறந்த பிரம்மனையோ, பன்றியாக நிலத்தைத் தோண்டிய திருமாலையோ பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். தாழம்பூவைக் கொடுங்கள்.

"நீ ஒரு தாழம்பூ. ஜோதியின் முடியிலிருந்து எத்தனையோ காலமாக விழுந்துகொண்டே இருக்கிறாய். படைப்புக் கடவுளே எதிரில் வந்து, தான் முடியைக் கண்டதாகச் சாட்சி சொல்லும்படி உன்னைக் கேட்கிறார். சொல்வாயா?"

சொன்னால் என்ன ஆகும் என்று புராணம் சொல்லிவிட்டது. சிவ பூஜைக்குத் தாழம்பூ ஆகாது. சொல்லாவிட்டால்? பெரியவர் ஒருவர், பதவியில் இருப்பவர், பொய் சொல்லச் சொல்கிறார். மறுத்தால் உனக்கு என்ன இழப்பு? இதைப் பத்து வயதுப் பிள்ளை தன் வார்த்தையில் எழுதும்போது அது வெறும் கற்பனைக் கட்டுரையா? நாளை அந்தப் பிள்ளை வாழ்க்கையில் சந்திக்கப் போகும் கேள்விதானே?

இரண்டு எதிர்ப்புகள் வரும். "படிக்கிற பிள்ளையைக் கெடுக்காதீர்கள் சார்" என்பார்கள். ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை நான் கட்டுரை நோட்டுகள் திருத்தியவன். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் எழுதிய 'நான் ஒரு பறவையானால்' கட்டுரையில் நாற்பதும் ஒரே கட்டுரையாக இருக்கும். அதே உரைநூல், அதே வரி, அதே எழுத்துப்பிழை. கற்பனையைக்கூட மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறோமே, இதைவிடக் கெடுதல் என்ன இருக்கிறது?

"இப்போது கைப்பேசியிடம் கேட்டால் நொடியில் கதை எழுதித் தருகிறதே" என்பார்கள் இன்னும் சிலர். தரட்டும். பிள்ளைக்குப் பதிலாக நாம் சாப்பிட்டால் பிள்ளைக்குப் பசி ஆறுமா? முதல் கதையைப் பிள்ளையே, பிழையோடு, அடித்துத் திருத்தி எழுதட்டும். பிறகு கணினியில் ஏற்றலாம். 'ட்வைன்' என்று இலவச மென்பொருளே இருக்கிறது; நிரல் எழுதத் தெரியாதவரும் கிளைக்கதை அமைக்கலாம்.

தமிழில் யார் ஆடுவார்கள் என்ற தாழ்வு மனப்பான்மையும் வேண்டாம். கனடாவின் டொரோன்டோவில் 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு 2023இல் 'வெண்பா' என்றொரு கதை விளையாட்டை வெளியிட்டது. புலம்பெயர்ந்த ஒரு தமிழ் அம்மாவின் கதை. சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, விட்டுப்போன வரிகளை ஆடுபவரே யோசித்து இட்லி அவிக்க வேண்டும். அந்த விளையாட்டுக்கு 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. இட்லிப் பானைக்கு உலகம் காது கொடுக்கிறது என்றால் நம் கட்டியங்காரனுக்கும் கொடுக்கும்.

பெற்றோர்களே, இந்த விடுமுறையில் ஒரு வேண்டுகோள். பக்கத்து ஊரில் பாரதக் கூத்து நடந்தால் பிள்ளையை ஓர் இரவாவது அழைத்துப் போங்கள். மறுநாள் ஒரு நோட்டைக் கொடுங்கள். எழுதி முடித்ததும் நீங்கள் அந்தக் கதைக்குள் போய் ஆடுங்கள். பிள்ளை கதை நடத்தட்டும். "நீங்கள் யார்? எந்த ஊர்? வந்த காரியம் என்ன?" என்று அது உங்களைக் கேட்கும். பதில் சொல்லத் தயாராக இருங்கள். அது அவ்வளவு சுலபம் இல்லை என்பது அப்போது தெரியும்.