மாடியில் சோலார் போடலாமா? முதலில் கரண்ட் பில்லைப் பாருங்கள்!

சிவகாசிக்காரர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வெயில்தான் அவர்களுக்குச் சோறு போடுகிறது.

வானம் பார்த்த கரிசல் பூமி அது. மழை பொய்த்தால் வெள்ளாமை இல்லை. அந்த வறட்சியையே முதலாக வைத்துத் தொழில் நடத்திக் காட்டினார்கள். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. அச்சகம் வந்தது. மூன்றுக்குமே ஈரம் ஆகாது. இன்றைக்கும் பட்டாசு காய்வது வெயிலில்தான்.

இப்போது அதே வெயில் இன்னொரு வேலைக்கும் வந்து நிற்கிறது. வீட்டுக்கு விளக்கு எரிக்கிறேன் என்கிறது!

பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே சுமார் 2,500 ஏக்கரில் சோலார் தகடுகளைப் பரப்பி, 648 மெகாவாட் நிலையம் ஒன்றை 2016-ல் திறந்தார்கள். ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று அப்போது பேசப்பட்டது.

சரி, கமுதியில் கம்பெனி போட்டது. விருதுநகரில், சாத்தூரில், திருத்தங்கலில் குடியிருக்கும் நாம் நம் மொட்டை மாடியில் போடலாமா?

"போடுங்கள், கரண்ட் பில்லே வராது" என்கிறார் விற்க வருகிறவர். "அத்தனையும் ஏமாற்று" என்கிறார் எதிர்வீட்டு அண்ணாச்சி. இரண்டு பேருமே உங்கள் பில்லைப் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் யார் சொல்லும் யோசனையும் யோசனை ஆகாது.

மூன்று வீடு, மூன்று கணக்கு

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016-ல் வந்தது. அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 2022 செப்டம்பர் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். 500 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டுக்கு, 101 முதல் 200 வரை யூனிட் 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய்.

500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2 ரூபாய் 25 காசுச் சலுகை போய்விடும். 101-லிருந்தே 4 ரூபாய் 50 காசுதான். 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய், 601-வது யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று மேலே போகும். 500 யூனிட் எரித்தவருக்கு 1,725 ரூபாய். 501 எரித்தவருக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 2024-ல் கட்டணம் இன்னும் சற்று உயர்ந்தது. படிக்கட்டின் வடிவம் மட்டும் மாறவில்லை.

இனி சோலார். ஒரு கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். அதைப் போட 70,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விலை ஆளுக்கு ஆள் மாறும். மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம். ஆக, கையிலிருந்து போவது 40,000.

முதல் வீடு, இரண்டு மாதத்துக்கு 200 யூனிட். இரண்டு லைட், இரண்டு ஃபேன், டி.வி., எப்போதாவது மிக்ஸி. பில் 225 ரூபாய். சோலார் போட்டு பில் முழுவதும் ஒழிந்தாலும் வருஷத்துக்கு மிச்சம் 1,350 ரூபாய். போட்ட 40,000 திரும்பி வர ஏறக்குறைய 30 வருஷம். தகட்டின் ஆயுளோ 25 வருஷம்!

இரண்டாவது வீடு, 300 யூனிட். பில் 675 ரூபாய். வருஷத்துக்கு 4,050 மிச்சம். முதல் திரும்பப் பத்து வருஷம்.

மூன்றாவது வீட்டில் ஏ.சி. இருக்கிறது, ஃப்ரிட்ஜ் இருக்கிறது, தண்ணீர் மோட்டார் ஓடுகிறது. 700 யூனிட். பில் 3,650 ரூபாய். சோலார் 240 யூனிட்டைக் கழித்தால் 460 ஆகிவிடும். அப்போது பில் 1,485 ரூபாய்தான். இரண்டு மாதத்தில் 2,165 மிச்சம், வருஷத்தில் 12,990. மூன்றே வருஷத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும்.

பார்த்தீர்களா? அதே தகடு, அதே வெயில். ஒரு வீட்டுக்கு மூன்று வருஷம், ஒரு வீட்டுக்கு முப்பது வருஷம். சோலார் எப்போதும் மேல்படியிலிருந்துதான் கழிக்கும். மேல்படியில் நிற்காதவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

ஏ.சி. வைத்திருக்கிற கடைக்காரர், அச்சக முதலாளி, இருவரும் சம்பாதிக்கிற குடும்பம் ஆகியோர் தாராளமாகப் போடட்டும். அவர்கள் தள்ளிப்போடுவதுதான் நஷ்டம். இரண்டு கிலோவாட்டுக்கு 60,000, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 என்று மானியம் உண்டு. அதற்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் மானியம் அதே 78,000தான்.

நடுவில் நிற்கிறவர் என்ன செய்வது?

500-ஐத் தொட்டும் தொடாமலும் நிற்கிற வீடுகள் நிறைய. அவர்கள் மாடிக்குப் போகும் முன் தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்க்கட்டும்.

பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்று புதிதாக வருகிற ஃபேனுக்கு 30 வாட் போதும். மூன்று ஃபேன் தினமும் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 97 யூனிட் மிச்சம். 550 யூனிட் வீடு 453-க்கு இறங்கிவிடும். பில் 2,350-லிருந்து 1,443 ஆகும். மூன்று ஃபேனின் விலை இரண்டு வருஷத்துக்குள் வந்துவிடும். இதற்கு மானியமும் வேண்டாம், மாடியும் வேண்டாம்.

மழை மாதத்துத் தவணை

கையில் ரொக்கம் இல்லாதவருக்கு வங்கி கடன் தருகிறது. ஈடு கேட்பதில்லை, வட்டியும் மற்றக் கடன்களை விடக் குறைவு. நல்லதுதான். ஆனால் பட்டாசு, தீப்பெட்டிக் கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

அவர்கள் வருமானம் மாதாமாதம் ஒரே அளவாக வருவதில்லை. தீபாவளிக்கு முன்னே கை ஓயாத வேலை. தீபாவளி முடிந்தால் ஆலைக்குப் பூட்டு, பிறகு மெல்லத் திறப்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெடி காயாது. காயவில்லை என்றால் கூலி இல்லை. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் பேரியம் நைட்ரேட்டுக்குத் தடை விதித்ததும் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை அந்த ஊர்த் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த அடைமழை நாளில் மாடியில் இருக்கிற தகடும் சோம்பிவிடும். மேகம் மூடினால் மின்சாரம் குறையும். கூலியும் வெயிலை நம்பி, தகடும் வெயிலை நம்பி! இரண்டும் ஒரே நாளில் படுத்துக்கொள்ளும். வங்கித் தவணை மட்டும் மழை என்று பார்க்காது.

ஆகவே, 225 ரூபாய் பில் கட்டுகிற குடும்பம் நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ சோலார் போடக் கூடாது என்பது என் கருத்து. மானியம் இருக்கிறதே என்பார்கள். மானியம் முன்னால் வராது. தகடு மாட்டி, மீட்டர் வைத்து, ஓட ஆரம்பித்த பிறகே வங்கிக் கணக்கில் விழும். அதுவரை வட்டி கட்டுவது யார்?

வெயில் வேறு, வெளிச்சம் வேறு

"எங்கள் ஊர் வெயிலுக்கு மின்சாரம் கொட்டும்" என்று பலர் நினைக்கிறார்கள். தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. 25 டிகிரிக்கு மேல் தகடு சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்குக் கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை உற்பத்தி குறைகிறது. சித்திரை மத்தியானத்தில் தகடு 60 டிகிரி வரை கொதிக்கும். அப்போது பத்தில் ஒரு பங்கு போனதாகவே கணக்கு வையுங்கள்.

கரிசல் புழுதி இன்னொரு தொல்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறையாவது துடைக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நாளில் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறப் போவது யார் என்பதையும் முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுங்கள்! வேப்ப மரமோ தண்ணீர்த் தொட்டியோ ஒரு தகட்டின் மேல் நிழல் போட்டால் மொத்த வரிசையுமே மந்தமாகிவிடும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும்.

விற்க வருகிறவர் தானாகச் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன் மேல் மின்சாரம் பாயாமலிருக்க அந்த ஏற்பாடு. கரண்ட் போனாலும் ஃபேன் ஓட வேண்டுமென்றால் பாட்டரி தனியே வாங்க வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் மாறிவிடும்.

அப்படியானால் ஏழைக்கு?

வசதியுள்ள வீட்டுக்கு 78,000 மானியம், 225 ரூபாய் பில் கட்டுகிற வீட்டுக்குப் பயனில்லை என்றால் அது என்ன நியாயம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

2011-ல் தமிழ்நாடு அரசு பசுமை வீடுகள் திட்டம் கொண்டுவந்தது. கிராமத்து ஏழைகளுக்கு 300 சதுர அடி வீடு, அதில் சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்கு. நல்ல எண்ணம். ஆனால் பாட்டரி என்பது சில வருஷத்தில் தேய்ந்துபோகிற பொருள். புதிது வாங்கும் செலவு அந்த ஏழையின் தலையில்தான் விழும். தனித்தனிக் கூரையில் தனித்தனிச் சாமானை மாட்டினால் அதைப் பராமரிக்கிற பாரமும் தனித்தனியாகத்தான் வரும்.

மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி வேறு வழியில் போனது. 2006-ல் ஊராட்சியே கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. ஊருக்கு வேண்டியது போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. எந்த வீட்டுக்காரரும் நகையை அடகு வைக்கவில்லை.

காற்றுக்குப் பதில் இங்கே வெயில் இருக்கிறது. பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், ஆஸ்பத்திரி என்று பொதுக் கட்டிடங்களின் மாடிகள் சும்மாதான் கிடக்கின்றன. அவற்றில் தகடு பரப்பி, வருகிற மின்சாரத்தில் ஒரு பங்கைச் சுற்றியுள்ள கூலிக்காரர் வீட்டு பில்லில் கழித்துக்கொடுக்க அரசும் மின்வாரியமும் வழி செய்ய வேண்டும். பராமரிப்பு ஊராட்சியைச் சேரட்டும். விருதுநகர் மாவட்டத்திலேயே இதை முதலில் செய்து பார்க்கலாம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் உங்கள் ஊரில் யாராவது எழுந்து இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தால் எங்களுக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.