யாழ்ப்பாண அணியை ஏசுபவர்கள்

லங்கா பிரீமியர் லீக் போட்டிகள் நடைபெறாத காலத்திலும் அவற்றைப் பற்றிய வாக்குவாதம் ஓய்வதில்லை. 2025ஆம் ஆண்டின் இறுதியில் நடைபெறவிருந்த ஆறாவது தொடர் ஒத்திவைக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே ஜப்னா கிங்ஸ் அணியை நடத்தியவர்களின் உரிமையும் இரத்துச் செய்யப்பட்டிருந்தது. ஆயினும் ஒருகொடவத்தைச் சந்தியை அண்டிய தேநீர்க் கடைகளில், கொள்கலன் வண்டிச் சாரதிகளும் களஞ்சியங்களில் வேலை செய்பவர்களும் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்துபோகும் இளைஞர்களும் அந்த அணியை இன்னமும் ஏசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். களத்திலேயே இல்லாத அணியை ஏசுவதென்றால் அதன்மீது எவ்வளவு பற்று இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு.

கெத்தாராம பிரேமதாச மைதானம் இங்கிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது. இரவுப் போட்டி நாட்களில் அதன் மின்கோபுர வெளிச்சத்தை எங்கள் பகுதி மொட்டைமாடிகளிலிருந்து பார்க்கலாம். ஆகவே இங்குள்ளவர்களுக்குக் கிரிக்கெட் என்பது தொலைக்காட்சிப் பொருள் மட்டுமன்று. போக்குவரத்து நெரிசலும் அதன் ஒரு பகுதிதான்.

ஏச்சு பெரும்பாலும் தொடரின் முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடும். 2021 டிசம்பர் 5ஆம் திகதி நடந்த முதற் போட்டியில் காலி அணியிடம் ஜப்னா கிங்ஸ் 54 ஓட்டங்களால் தோற்றது. 110 ஓட்டங்களுக்குள் அனைவரும் ஆட்டமிழந்தனர். அன்றிரவு இலண்டனிலிருந்து என் மருமகன் முறையான ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “மாமா, உந்த ரீமைக் கலைச்சுப்போட்டுப் புதுசா எடுக்கச் சொல்லி எழுதுங்கோ” என்றார். நான் எழுதவில்லை. பதினெட்டு நாட்கள் கழித்து அதே அணி, அதே காலி அணியை இறுதிப் போட்டியில் 23 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தைத் தூக்கியது. மருமகனிடமிருந்து அன்று வந்தது வாழ்த்துச் செய்தி மட்டுமே.

இதற்கு நேர்மாறானது 2023ஆம் ஆண்டு. ஜூலை 30ஆம் திகதி கொழும்பு அணியை 21 ஓட்டங்களால் வென்று யாழ்ப்பாண அணி தொடரை ஆரம்பித்தது. ‘இந்த முறையும் கிண்ணம் எங்களுக்குத்தான்’ என்று சந்தியில் பேசிக்கொண்டார்கள். கண்டி அணியிடம் வெளியேற்றப் போட்டியில் தோற்று அணி வீடு திரும்பியது.

கணக்கும் இதையே சொல்கிறது. ஐந்து அணிகள், ஒவ்வோர் அணிக்கும் எட்டு ஆட்டங்கள், அவற்றுள் நான்கு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகின்றன. அதாவது, ஓர் அணி மட்டுமே வெளியேறும். இப்படியான ஒரு போட்டி முறையில் முதலிரண்டு ஆட்டங்களை வைத்துக்கொண்டு ஒரு பருவத்துக்கே தீர்ப்பெழுதுவது அவசர புத்தி. மேலும், இந்த அணிகளின் வீரர்கள் பல நாடுகளிலிருந்து வந்து, ஒரு சில நாட்களே ஒன்றாகப் பயிற்சி செய்துவிட்டுக் களம் இறங்குகிறவர்கள். ஓடும்போது யார் யாரைக் கூப்பிடுவது என்பது பிடிபடுவதற்கே மூன்று ஆட்டங்கள் வேண்டும்.

பயிற்றுநர் மீதான குற்றச்சாட்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2020, 2021, 2022 ஆகிய மூன்று கிண்ணங்களும் திலின கண்டம்பி பயிற்றுநராக இருந்தபோது கிடைத்தவை. அடுத்தடுத்து மூன்று முறை வென்ற ஒருவரைத் ‘திட்டமில்லாதவர்’ என்று சொல்பவர், திட்டமென்று எதைக் கருதுகிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2022 இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கெத்தாராமவில் கொழும்பு அணிக்கு எதிராக இரண்டே விக்கெட்டுகளால் கிடைத்த வெற்றி அது. தோற்றிருந்தால் பயிற்றுநரின் தலை உருண்டிருக்கும். வென்றதால் எவரும் அவர் பெயரைச் சொல்லவில்லை.

“எங்கட பெடியனை ஏன் வெளியில இருத்தி வைச்சவங்கள்?” என்ற கேள்வி மட்டும் சற்று நின்று பதில் சொல்ல வேண்டியது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020 டிசம்பர் 4ஆம் திகதி, தமது பத்தொன்பதாவது பிறந்த நாளுக்கு முதல் நாள், ஹம்பாந்தோட்டையில் அந்த அணிக்காக முதன்முதலாகப் பந்து வீசினார். கொரோனாக் காலம், பார்வையாளர் எவரும் இல்லை. அவருடைய முதல் விக்கெட் அஞ்சலோ மத்தியூஸ். 2024 மே மாதத்தில் அவர் ஐபிஎல் போட்டியில் ஹைதராபாத் அணிக்கு ஆடும் அளவுக்கு வளர்ந்திருந்தார். ஊர்ப்பற்றுக்காக மட்டும் அவரை எல்லா ஆட்டங்களிலும் சேர்த்திருந்தால், ஆடுகளம் கைகொடுக்காத ஒரு நாளில் நான்கு ஓவர்களில் அறுபது ஓட்டங்களைக் கொடுத்திருப்பார். அப்போது அவரை முதலில் ஏசுபவர்களும் நம்மவர்களாகவே இருந்திருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. 1904 முதல் வடக்கின் பெரும் சமர் என்று மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதிவரும் ஓர் ஊரிலிருந்து, விரல்விட்டு எண்ணும் தொகையினர்தானே இந்த அணிக்கு வந்தார்கள்? அது ஒரு பயிற்றுநரால் ஒரு மாதத்தில் தீர்க்கக்கூடிய குறையன்று.

இனி, வர்ணனையாளர்கள். சந்தி விவாதங்களில் கடைசியாகவும் சிரிப்புக்காகவும் எடுக்கப்படும் விடயம் இது. என்னைக் கேட்டால் இதுதான் நியாயமான முறைப்பாடு.

யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி விளையாடிய இறுதிப் போட்டிகளை நான் ஆங்கில வர்ணனையோடுதான் பார்த்தேன். வெளிநாட்டு வர்ணனையாளர் ஒருவர் வியாஸ்காந்தின் பெயரை மூன்று துண்டாக உடைத்து, மூன்றையும் தவறான இடத்தில் ஒட்டினார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் பார்த்தவன் என்ற வகையில், அந்தச் சிரிப்பு எனக்கு நெடுநேரம் உவப்பாக இருக்கவில்லை.

சிங்கள இரசிகருக்கு இந்தக் குறை கிடையாது. பிரேமசர ஏபாசிங்க, பாலித பெரேரா போன்றவர்கள் வானொலியில் பேசிப் பேசியே சிங்களத்தில் ஒரு கிரிக்கெட் மொழியை உருவாக்கினார்கள். வயலில் நின்ற விவசாயியும் அவர்களுடைய குரலில் ஆட்டத்தைக் கண்டார். தமிழில் அது நடக்கவில்லையா என்றால், நடந்தது. அகில இந்திய வானொலியில் அப்துல் ஜப்பார் செய்த வர்ணனையைப் பாக்குநீரிணைக்கு இப்பாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2020இல் அவர் காலமானபோது இங்கும் பலர் வருந்தினார்கள். பந்து எங்கே விழுந்தது, எங்கே போயிற்று, யார் துரத்துகிறார் என்பதைத் தமிழில் மூச்சுவிடாமல் சொல்ல முடியும் என்று காட்டியவர் அவர்.

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளும் தம் பங்கைச் செய்தன. துடுப்பாட்டம், களத்தடுப்பு, பந்துவீச்சு, ஓட்டம், பிடி என்று நாங்கள் நாளாந்தம் எழுதிய சொற்கள் பாடசாலைப் பிள்ளைகளின் வாயிலும் புகுந்தன. (எல்பிடபிள்யூவுக்கு மட்டும் எங்கள் மேசையில் எவருக்கும் தமிழ் பிடிபடவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டோம். எவரும் குறை சொல்லவுமில்லை.) இன்று அதே பிள்ளைகளின் பிள்ளைகள், 2017இல் தொடங்கிய ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் அலைவரிசையைக் கேட்டு ‘பேட்ஸ்மேன்’, ‘ரன்’, ‘ஃபீல்டிங்’ என்கிறார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. அங்கே பேசும் முன்னாள் வீரர்களிடம் ஆட்டஞானம் நிறைய இருக்கிறது. ஓர் ஓவர் முழுவதும் சினிமாப் பகிடிக்குப் போய்விடும்போது மட்டும் ஒலியைக் குறைத்துவிடுகிறேன். ஆனால் அது சென்னையின் பேச்சு; சென்னை அணிக்குப் பொருந்தும். யாழ்ப்பாணத்து அணிக்கு யாழ்ப்பாணத்து நாக்கும், மலையகத்து நாக்கும், மட்டக்களப்பு நாக்கும் தெரிந்த ஒரு குரலை வைத்தால் என்ன? நல்ல குரல்கள் நம்மிடையே உண்டு. எத்தனையோ அறிவிப்பாளர்களை உலகத் தமிழர் கொண்டாடிய நாடு இது.

“இங்கிலிஷில சொன்னால் போதாதே, ஸ்கோர்தானே முக்கியம்?” என்று ஒரு சாரதித் தம்பி என்னிடம் கேட்டார். ஓட்ட எண்ணிக்கையை அறிய வர்ணனையாளரே தேவையில்லை, திரையின் மூலையில் அது இருக்கிறது. அணியின் பெயரில் ஊர் இருக்கிறது. ஊரின் பெயரால்தான் சட்டை விற்கிறார்கள், விளம்பரம் பிடிக்கிறார்கள், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ளவர்களைத் திரைக்கு முன் உட்கார வைக்கிறார்கள். அப்படியிருக்க, அந்த ஊரின் மொழியை ஒலிபெருக்கிக்கு அப்பால் நிறுத்துவது எப்படிச் சரியாகும்?

2020, 2021, 2022, 2024 என நான்கு முறை கிண்ணம் வென்ற அந்த அணி, யாழ்ப்பாணத்தில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடியதில்லை. 2024 ஜூலை 21ஆம் திகதி ரைலி ரூசோ சதமடிக்க, காலி அணியை ஒன்பது விக்கெட்டுகளால் வீழ்த்திய இறுதிப் போட்டியும் இங்கே, கெத்தாராமவில்தான் நடந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஒருகொடவத்தையில் இருந்த நாங்கள் சத்தத்தை நேரடியாகவே கேட்டோம்.

2025 செப்டம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார். சூழல் பாதிப்புத் தொடர்பான ஆட்சேபங்களும் எழுந்தன. அவற்றுக்கு உரியவர்கள் பதில் சொல்ல வேண்டும். மைதானம் எழுமானால் அதில் வர்ணனையாளர் கூடம் ஒன்றும் இருக்கும். தொடக்க ஆட்டக்காரர் யார், பயிற்றுநர் யார் என்று அடிபடுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது. அந்தக் கூடத்தில் தமிழுக்கு எத்தனை இருக்கைகள், ஒலிபரப்பு உரிமை ஒப்பந்தத்தில் தமிழ் வர்ணனை எழுதப்படுமா, அதற்கு ஆட்களைப் பயிற்றுவிப்பது யார் என்பவற்றை, வரைபடம் மேசையில் இருக்கும்போதே கிரிக்கெட் சபையிடம் கேட்டு எழுதுங்கள். எழுதியதன் பிரதியை எனக்கும் அனுப்பினால் இங்கே வெளியிடுகிறேன்.