‘டாக்கரில் போட்டால் ஓடிவிடும்’ என்பவர்களுக்கு

"பப்பட்டியரை இன்ஸ்டால் பண்ணு, டாக்கரில் போடு, வேலை முடிந்தது." சர்வரில் ஹெட்லெஸ் பிரவுசர் வைக்கலாமா என்ற பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். சொல்கிறவர்கள் விவரமானவர்கள்தான், அவர்கள் லேப்டாப்பில் அது ஓடவும் செய்கிறது. ஆனாலும் இந்த வாக்கியம் தவறு என்பதை அனுபவப்பட்டே சொல்கிறேன். மற்ற லைப்ரரிகளைப் போல பிரவுசர் நம் நிரலுக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. தனி ப்ராசஸ்கள், தனி மெமரி, தனி ஃபான்ட், தனி நெட்வொர்க் கட்டுப்பாடு என்று கேட்கும் முழுச் சேவை அது.

ஹெட்லெஸ் என்ற பெயரைக் கேட்டதும் லேசான பொருள் என்று தோன்றிவிடுகிறது. 2017இல் குரோம் 59இல் இந்த வசதி வந்தது. குரோமை நிரலிலிருந்து இயக்கும் பப்பட்டியரும் அதே ஆண்டில் வெளியானது. 2023இல் குரோம் 112இல் வந்த புதிய ஹெட்லெஸ், நாம் தினமும் திறக்கிற அதே குரோம்தான். ஜன்னலைத் திரையில் காட்டாது, அவ்வளவுதான் வித்தியாசம். பக்கங்களை வரைய ரெண்டரர் ப்ராசஸ்கள், நெட்வொர்க்குக்கு இன்னொன்று என்று எல்லாம் அப்படியே இருக்கும். டாக்கரோ கன்டெய்னருக்கு வெறும் 64 எம்பி ஷேர்டு மெமரிதான் தருகிறது. படங்கள் நிறைந்த ஒரு பக்கம் வந்தால் அது போதாமல் டேப் செத்துவிழும். அந்த அளவை 1 ஜிபிக்கு உயர்த்துவது ஒரு வரி வேலை. ஆனால் அந்த வரி தேவை என்பதே பலருக்கு முதல் கிராஷுக்குப் பிறகுதான் தெரிகிறது.

"லேப்டாப்பில் சரியாக வந்ததே, சர்வரில் மட்டும் ஏன் வராது?" என்பார்கள். வராது என்பதை ஒரு நிதி நிறுவனத்துக்கு மாதக் கணக்கு அறிக்கைகளைப் பிடிஎஃப் ஆக்கும் வேலையில் பார்த்தேன். முதல் நாள் வந்த அறிக்கையில் எண்களும் ஆங்கிலமும் இருந்தன. வாடிக்கையாளர் பெயர், ஊர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வெற்றுச் சதுரங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ் எழுத்துரு கூடவே வருகிறது. நாங்கள் எடுத்திருந்த சிறிய டெபியன் இமேஜில் ஒன்றுகூட இல்லை. நோட்டோ எழுத்துருக்களைச் சேர்த்த பிறகே பெயர்கள் வந்தன.

அதைச் சரிசெய்து மூச்சுவிட்டோம். பிறகு ஏப்ரல் 1, அதிகாலை 2 மணிக்கு ஓடிய அறிக்கைகள் எல்லாம் மார்ச் 31 என்று தேதி போட்டுக்கொண்டு வந்தன. கன்டெய்னரின் கடிகாரம் யுடிசியில் இருந்தது. அங்கே அப்போது முந்தின நாள் இரவு 8.30. நிதியாண்டே மாறுகிற நாளில் தேதி ஒன்று பிந்தினால் கணக்குப் பிரிவில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து கன்டெய்னருக்கும் பக்கத்துக்கும் ஏசியா/கொல்கத்தா நேரத்தை வெளிப்படையாகக் கொடுத்துவிடுகிறோம்.

இவ்வளவு தொல்லை என்றால் பிரவுசரே வேண்டாம், பிடிஎஃப் லைப்ரரி போதும் என்பது எதிர்ப்பக்கத்து வாதம். ஆங்கில அறிக்கைக்கு நானும் அதையே சொல்வேன். தமிழுக்குச் சொல்ல மாட்டேன். ‘கொ’ என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். குறியீடுகளை வந்த வரிசையிலேயே அடுக்கும் லைப்ரரிகளில் கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். குரோமுக்குள் எழுத்துகளை அடுக்கும் ஹார்ஃப்பஸ் இதைச் சரியாகச் செய்கிறது. தன் பெயரைச் சிதைந்த நிலையில் யாரும் பார்க்கக் கூடாது. அதற்காகவே இந்தச் சுமையை ஏற்கிறோம்.

"கிராஷ் ஆனால் கன்டெய்னர் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடுமே" என்பதும் நம்பிக்கைதான். ரெண்டரர் மட்டும் செத்து, தாய் ப்ராசஸ் உயிரோடு இருக்கலாம். வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் நலம். உள்ளே ஒரு வேலையும் நடக்காது. ஒருமுறை அப்படி நின்றுபோன கன்டெய்னருக்குள் நுழைந்து ப்ராசஸ் பட்டியலை எடுத்தேன். குரோம், டிஃபங்க்ட், குரோம், டிஃபங்க்ட் என்று திரை முழுவதும் ஒரே வரி. செத்த ப்ராசஸ்களை அப்புறப்படுத்த வேண்டியது கன்டெய்னரின் முதல் ப்ராசஸ். அந்த இடத்தில் எங்கள் நிரலை ஓட்டும் நோட்.ஜேஎஸ் உட்கார்ந்திருந்தது; அநாதையாகி வந்து சேரும் ப்ராசஸ்களை அது கவனிப்பதில்லை. டாக்கரின் இனிட் விருப்பத்தைப் போட்டு டினி என்ற சிறு ப்ராசஸை அங்கே வைத்ததும் அந்த வரிகள் மறைந்தன. கூடவே, இத்தனை வேலைக்கு ஒருமுறை பிரவுசரை மூடிப் புதிதாகத் திறப்பதையும், ஒரே நேரத்தில் இத்தனை டேப்தான் என்று வரிசை வைப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டோம்.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது நோ-சாண்ட்பாக்ஸ். ரூட் பயனராக ஓட்டினால் இந்த விருப்பம் இல்லாமல் குரோம் எழும்பாது. அதனால் எல்லோரும் அதைப் போட்டுவிட்டு நகர்கிறார்கள். "நம் பக்கத்தைத்தானே திறக்கிறோம்" என்கிறார்கள். அந்தப் பக்கத்துக்குள் வாடிக்கையாளர் தட்டச்சு செய்த முகவரியும் இருக்கிறது. அதை எஸ்கேப் செய்ய மறந்தால் அங்கே ஒரு ஐஃப்ரேமை எழுதிவிடலாம். அது 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரியைக் காட்டினால், பழைய அமைப்பில் ஓடும் அமேசான் சர்வரின் சாவி பிடிஎஃபில் அச்சாகி எதிரியின் கைக்கே போகும். இதைச் சாண்ட்பாக்ஸ் தடுக்காது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது ரெண்டரரில் புகுந்தவன் சர்வருக்குள் இறங்காமல் தடுப்பது. இரண்டுக்கும் தடுப்பு வேண்டும். சாதாரணப் பயனரை உருவாக்கி சாண்ட்பாக்ஸோடு ஓட்டுங்கள். உள் நெட்வொர்க்குக்குப் போகும் வழியைத் தனியே அடைத்துவிடுங்கள். 9222 டீபக் போர்ட்டை ஒருநாளும் வெளியே திறக்காதீர்கள். அதைத் தொட்டவர் கையில் பிரவுசரே வந்துவிடும்.

ஒரு நாளைக்குப் பத்து ஸ்க்ரீன்ஷாட் எடுப்பவருக்கு வரிசை, மறுதிறப்பு எல்லாம் அதிகப்படிதான். சாண்ட்பாக்ஸ் அவருக்கும் வேண்டும்.

இப்போது எங்கள் ஹெல்த் செக், போர்ட் திறந்திருக்கிறதா என்று கேட்பதில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பக்கத்தை உண்மையாகவே வரைந்து, சேமித்து வைத்த படத்தோடு ஒப்பிடுகிறது. அந்தப் பக்கத்தில் ‘கொடுமுடி’ என்ற ஒரே சொல் இருக்கிறது.