ரைடு ஏறாத குழந்தைக்கும் முழு டிக்கெட்: அந்தக் காசு வேஸ்டா?

இதை வீடியோவா எடுக்கலாம்னுதான் முதல்ல நினைச்சேன். கேமரா முன்னாடி சொல்ல கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு, அதனால எழுதறேன்.

போன வருஷம் மே மாசம் ஒரு சனிக்கிழமை, ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு தீம் பார்க்குக்குப் போனோம். நான், மனைவி, ஒண்ணாங்கிளாஸ் முடிச்ச எங்க பொண்ணு. டிக்கெட் பெரியவங்களுக்கு 1,300 ரூபாய், குழந்தைக்கு 1,050. மொத்தம் 3,650. பெட்ரோல், பார்க்கிங், லாக்கர், உள்ளே சாப்பாடு எல்லாம் சேர்த்து அன்னைக்கு 5,300 ரூபாய் போச்சு. பொண்ணு பேர்ல நான் மாசாமாசம் போடற எஸ்ஐபி 5,000. அதை விட 300 ரூபாய் அதிகம்.

வாசல் போர்டுல 30 ரைடுன்னு போட்டிருந்தது. என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியுமே, க்யூல நிக்கும்போதே கணக்கு ஓட ஆரம்பிச்சிடுச்சு. 3,650-ஐ மூணு பேருக்கும் 30 ரைடுக்கும் வகுத்தா, ஆளுக்கு ஒரு ரைடு சுமார் 40 ரூபாய். நல்ல டீல்தானேன்னு சந்தோஷமா உள்ளே போனேன்.

பொண்ணு பொம்மை ரயில்ல ஏறினா. குடை ராட்டினத்துல ஏறினா. அதோட சரி. அடுத்து எதைக் காட்டினாலும் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு அம்மா பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. மணி ஒண்ணு ஆச்சு, ரெண்டு ஆச்சு. என் மண்டைக்குள்ள மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கு: 1,050 ரூபாய்க்கு ரெண்டு ரைடு, அப்போ ஒரு ரைடு 525 ரூபாய்!

மூணு மணிக்கு கொலம்பஸ் கப்பல் க்யூல அவளைத் தூக்கிக்கிட்டு நின்னேன். "இவ்ளோ காசு குடுத்திருக்கோம்லமா, ஒரே ஒரு தடவை"ன்னேன். "விடுங்க, அவதான் வேணாங்கறாளே"ன்னு மனைவி ரெண்டு தடவை சொன்னாங்க. நான் கேக்கல. கப்பல் மேல போனப்ப பொண்ணு கத்தவே இல்லை. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு என் மணிக்கட்டைப் பிடிச்சிருந்தா. நகம் பதிஞ்ச தடம் மறுநாள் வரைக்கும் இருந்துச்சு. இறங்கின உடனே வாந்தி.

திரும்பி வரும்போது கார்ல ரொம்ப நேரம் பேசாம இருந்தவ, டோல்கேட் கிட்ட கேட்டா: "அப்பா, நான் ஏறாததால காசு வேஸ்டாயிடுச்சா?"

ஆறு வயசுக் குழந்தை கேக்கிற கேள்வியா அது? நான் சொல்லிக் கொடுத்த கணக்கு அது. தன்னோட பயம் வீட்டுக்கு ஒரு செலவுன்னு அன்னைக்கு அவளுக்குப் புரிய வெச்சிருக்கேன்.

இதுல இன்னொரு அசிங்கமும் இருக்கு. மாமா சொன்னார், சித்தப்பா சொன்னார்னு எடுத்த எண்டோமென்ட் பாலிசியைப் பத்தி நீங்க கேக்கும்போதெல்லாம் நான் என்ன சொல்றேன்? "கட்டின பிரீமியத்தை மறந்துடுங்க. இனிமே கட்டப் போற காசுக்கு என்ன கிடைக்கும்னு மட்டும் பாருங்க." 40 சதவீதம் விழுந்த ஷேரை வெச்சுக்கிட்டு "வாங்கின விலை வந்தா வித்துடுவேன் ப்ரோ"ங்கிறவங்களுக்கும் இதே பதில்தான். போன காசு போனதுதான், அதைக் காரணமா வெச்சு அடுத்த முடிவை எடுக்காதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்ற நான், பார்க் வாசல்ல போன 1,050 ரூபாய்க்காக ஒரு குழந்தையைக் கப்பல்ல ஏத்தியிருக்கேன்.

நான் மட்டும் இப்படி இல்லை, அது ஒரு சின்ன ஆறுதல். 1985-ல ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அமெரிக்காவுல ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்குல சீசன் டிக்கெட் வாங்க வந்தவங்கள்ல சிலருக்கு முழு விலை, சிலருக்கு டிஸ்கவுன்ட். யாருக்கு எதுன்னு குலுக்கல் மாதிரிதான். எல்லாருக்கும் கிடைச்சது அதே சீட், அதே நாடகம். ஆனா சீசனோட முதல் பாதியில முழு விலை குடுத்தவங்க அதிக நாடகத்துக்கு வந்தாங்க. நாடகம் பிடிச்சு வந்தாங்களா, குடுத்த காசு இழுத்துக்கிட்டு வந்துச்சான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

பெரியவங்க தன் காசுக்காகத் தன்னையே நாடகத்துக்கு இழுத்துக்கிட்டுப் போறாங்க, சரி. நாம குடுத்த காசுக்கு குழந்தையை இழுக்கிறோம். அந்த 1,050-ஐ குடுன்னு அவ கேட்டாளா?

அப்புறம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசிச்சா, என் 40 ரூபாய் கணக்கே தப்பு. பார்க் திறந்திருந்தது 11 மணியில இருந்து 6 மணி வரைக்கும், ஏழு மணி நேரம். சனிக்கிழமைக் கூட்டத்துல ஒரு ரைடுக்கு காத்திருக்கிறதும் ஏறி இறங்கறதும் சேர்த்து அரை மணி நேரம்னு வைங்க. சாப்பிடாம, பாத்ரூம் போகாம சுத்தினாக்கூட 14 ரைடு. போதாக்குறைக்கு உயரக் கட்டுப்பாடு. பல ரைடு வாசல்ல ஒரு அளவுகோல் வரைஞ்சிருக்கும், அதுக்குக் கீழ இருந்தா உள்ளே விட மாட்டாங்க. அந்த 30-ல பாதிக்கு மேல என் பொண்ணே கெஞ்சினாலும் ஏத்தியிருக்க மாட்டாங்க. போர்டுல இருந்த 30 அவளுக்கு எப்பவுமே 30 இல்லை.

இன்னொண்ணு, உள்ளே போயிட்டா அடுத்த ரைடோட விலை பூஜ்யம். ஏறினா 40 ரூபாய் மிச்சமும் ஆகாது, ஏறலைன்னா 40 ரூபாய் நஷ்டமும் ஆகாது. பஃபேல எட்டாவது பூரி சாப்பிட்டா பில்லு குறையுமா? வயிறுதான் கெடும்.

எல்லாம் ஒரே டிக்கெட்டுங்கிற முறை எல்லாக் காலத்துலயும் இருந்ததில்லை. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் 1955-ல திறந்தப்ப நுழைவுக் கட்டணம் தனி, ரைடுக்குக் காசு தனி. கொஞ்ச நாள்லயே கூப்பன் புத்தகம் வந்துச்சு. ஏ, பி, சின்னு எழுத்து போட்ட கூப்பன், பெரிய ரைடுக்கு 'ஈ' கூப்பன். 1982-லதான் அதை எடுத்துட்டு ஒரே டிக்கெட்டுக்கு மாறினாங்க. இந்த நுழைவுக் கட்டணம், ரைடு கட்டணம் விஷயத்தை வெச்சு வால்டர் ஓய்னு ஒரு பொருளாதார நிபுணர் 1971-ல ஒரு கட்டுரையே எழுதியிருக்கார், பொருளாதாரம் படிக்கிறவங்களுக்கு இன்னைக்கும் அது பாடம். கோபன்ஹேகன்ல 1843-ல தொடங்கின டிவோலி கார்டன்ஸ்ல இன்னைக்கும் வெறும் நுழைவு டிக்கெட் மட்டும் வாங்கிக்கிட்டு உள்ளே போகலாம். பூவைப் பார்த்துட்டு, சாப்பிட்டுட்டு வரலாம். ரைடு வேணும்னா தனியா காசு.

அவ்ளோ தூரம் எதுக்கு, பொங்கல் சமயத்துல சென்னை தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனா அதே முறைதான். உள்ளே போக ஒரு சின்ன டிக்கெட், ராட்டினத்துக்கு அங்கேயே தனி டிக்கெட். மதுரை சித்திரைப் பொருட்காட்சியும் அப்படித்தான். ஏறாத குழந்தை, டெல்லி அப்பளத்தைக் கடிச்சுக்கிட்டு கலர் லைட்டைப் பார்த்துக்கிட்டே மொத்தப் பொருட்காட்சியையும் சுத்தலாம், யாரும் எதையும் 'வீணாக்கின' மாதிரி ஆகாது. நம்ம அப்பா அம்மாவும் சிக்கனக்காரங்கதான். ஆனா ராட்டினம் வேணாம்னு சொன்னதுக்கு அவங்க என்னைத் திட்டினதா எனக்கு ஞாபகமே இல்லை. காசு மிச்சம்னு சந்தோஷப்பட்டிருப்பாங்க!

ஒரே டிக்கெட் முறையில, நிறைய ஏறுறவனோட சந்தோஷத்துக்கு ஏறாதவனும் சேர்த்துக் கட்டறான். ஜிம்முல வருஷ மெம்பர்ஷிப் போட்டுட்டு பிப்ரவரிக்கு மேல போகாத நாம எல்லாரும் அந்தக் கட்சிதான். அது நியாயமா இல்லையான்னு டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி யோசிக்கலாம். அதுக்கப்புறம் யோசிச்சுப் பலனில்லை.

"பயத்தை அப்படியே விட்டுட்டா எப்பத்தான் ப்ரோ போகும்?"னு ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான். கேள்வி நியாயம்தான். ஆனா எல்லாமே பயம் இல்லை. ரெண்டு வயசுக்கு மேல, பன்னிரண்டு வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்களுக்கு வண்டி குலுக்கல்ல வர்ற குமட்டல் பெரியவங்களை விட அதிகம். மலைப்பாதையில போனவங்களுக்குத் தெரியும். சில குழந்தைங்களுக்கு சத்தம் ஒத்துக்காது. நிஜமாவே பயம்தான்னாலும், அதைப் போக்க பக்கத்துத் தெரு பார்க்ல ஒரு ஊஞ்சல் இருக்கு, காசே இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் கூட்டலாம். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள 1,050 ரூபாயை வசூல் பண்ணியாகணுங்கிற அவசரத்துல பயம் போகாது.

"அப்போ தீம் பார்க்குக்கே கூட்டிட்டுப் போகாதீங்க"ன்னு சொல்வீங்க. அதுவும் சரிப்பட்டு வராது. மூத்தவனுக்கு ரைடு உயிரு, சின்னவளுக்கு ஆகாது. சொந்தக்காரங்க கூட்டமா கிளம்புவாங்க. ஆபீஸ் அவுட்டிங் வரும். பாதி நேரம் நாம முடிவு பண்றதில்லை.

இந்த ஜனவரியில அப்படித்தான் ஆச்சு. மச்சினிச்சி குடும்பம் கிளம்புச்சு, அவங்க பையனுக்கு ஒன்பது வயசு, எதுல வேணா ஏறுவான். எங்களையும் கூப்பிட்டாங்க. போறதுக்கு முந்தின நாள் ராத்திரி பொண்ணுகிட்ட சொன்னேன்: "நாளைக்கு நீ எதுலயும் ஏற வேண்டாம். அப்பா கேக்கவே மாட்டேன்." அவ நம்பல. மனைவியைப் பார்த்தா. "நான் பார்த்துக்கறேன்டா, அப்பா கேக்க மாட்டார்"னு அவங்க சொன்னப்புறம்தான் தூங்கப் போனா. (இது கொஞ்சம் வலிச்சுது.)

இந்த முறை சில விஷயத்தை மட்டும் மாத்தினேன். சனி ஞாயிறைத் தவிர்த்து ஒரு செவ்வாய்க்கிழமைக்கு ஆன்லைன்ல புக் பண்ணினோம். குழந்தை டிக்கெட்டை வயசை வெச்சு முடிவு பண்ணாம உயரத்தை வெச்சு முடிவு பண்ற பார்க் நிறைய இருக்கு. அதனால வீட்டுச் சுவத்துல அவளை நிக்க வெச்சு அளந்துட்டுத்தான் எந்த டிக்கெட்னு முடிவு பண்ணேன். க்யூவைத் தாண்டிப் போற ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் எங்களுக்கு வாங்கவே இல்லை. ஏறாதவளுக்கு எதுக்கு க்யூவைத் தாண்டணும்?

அன்னைக்கு அவ என்ன பண்ணான்னு கேக்கிறீங்களா? மேல இருந்து தண்ணியில படகு சர்ருனு வந்து விழுமே, அது விழற இடத்துல ஒரு பாலம் இருந்தது. அதுல உட்கார்ந்துக்கிட்டு, வர்ற ஒவ்வொரு படகுலயும் யாரு அதிகமா நனைஞ்சாங்கன்னு மார்க் போட்டா. முக்கால் மணி நேரம்! ஒரு தாத்தாவுக்கு பத்துக்குப் பத்து. அப்புறம் ஜெயன்ட் வீல் ஓட்டற அண்ணன்கிட்ட போய், "அண்ணா, நடுவுல கரண்ட் போயிட்டா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டா. அவர் ஜெனரேட்டர் இருக்கிற பக்கம் கையைக் காட்டினார், அவரும் கொஞ்ச நேரம் சந்தோஷமா பேசினார். பாவம், நாள் முழுக்க அவர்கிட்ட யார் பேசறாங்க. அலைக்குளத்துல கணுக்கால் அளவுத் தண்ணியில ஒரு மணி நேரம். பொம்மை ரயில் ஆறு தடவை. பையன் ஒவ்வொரு ரைடும் முடிச்சுட்டு ஓடி வந்து இவகிட்ட ரிப்போர்ட் சொன்னான், இவ குறுக்கு விசாரணை பண்ணினா. நானும் மச்சினிச்சி வீட்டுக்காரரும் மாத்தி மாத்தி அவன்கூட ஏறினோம்.

நானும் கொஞ்ச நேரம் பெஞ்சுல சும்மா உட்கார்ந்தேன். வால்ட் டிஸ்னி தன் ரெண்டு பொண்ணுங்களை லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிஃபித் பார்க் குடை ராட்டினத்துல ஏத்தி விட்டுட்டு, பெஞ்சுல உட்கார்ந்து வேர்க்கடலை தின்னுக்கிட்டு இருந்தப்பதான் டிஸ்னிலேண்ட் யோசனை வந்துச்சுன்னு அவரே பிற்பாடு சொல்லியிருக்கார். எனக்கு அப்படி எந்த யோசனையும் வரல. காலுக்கு ஓய்வா இருந்துச்சு.

எங்க மூணு பேருக்கும் அன்னைக்கு மொத்தச் செலவு 4,700 ரூபாய். ஒரு ரைடுக்கு எவ்ளோன்னு போட்டா போன தடவையை விட மோசமாத்தான் வரும், பொம்மை ரயிலை ஆறு தடவையா எண்ணலாமா ஒரு தடவையான்னு வேற குழப்பம். செலவு ஆப்ல அந்தக் கணக்கு வர்ற ஷீட்டை அழிச்சுட்டேன்.

டிசம்பர்ல ஆபீஸ் ஃபேமிலி டே, அதுவும் ஒரு தீம் பார்க்லதான். விஷயத்தைச் சொன்னதும் பொண்ணு கேட்ட முதல் கேள்வி, "தண்ணியில விழற படகு அங்க இருக்கா?" இருக்குன்னு வெப்சைட்ல பார்த்துச் சொன்னேன். மார்க் எழுத ஒரு நோட்டு வாங்கித் தரச் சொல்லியிருக்கா.