பதினெட்டு முடியலையாம்

பாடம் எனக்குக் கஷ்டமா இருந்ததே இல்ல. மொதல்ல அதைச் சொல்லிடறேன். இல்லேன்னா "பாவம், சின்னப் பொண்ணு, தாங்க முடியல போல"ன்னு முடிச்சிடுவீங்க. தாங்கினேன். 14 முடியறதுக்குள்ள என்ஜினியரிங் சேந்து, ஒரு அரியர் இல்லாம வெளிய வந்தவ நான்.

சேந்த அன்னிக்குப் பொன்னாடை போத்தினாங்க. பெங்களூர் ரோட்டுல சுங்குவார்சத்திரம் தாண்டி என் மூஞ்சி போட்ட பேனர். சுத்திலும் பெரியவங்க மூஞ்சி. ஃபீஸே வேணாம்னு மேடையில சொன்னாங்க. அது மொத வருஷத்துக்கு மட்டும்தானாம்! ரெண்டாவது வருஷம் சலான் வந்தப்போதான் தெரிஞ்சுது. எங்கப்பா ஒரகடத்துல காண்ட்ராக்ட்ல லோடிங் வேலை பாத்தவரு. ஓ.டி. மேல ஓ.டி. பாத்தாரு. நைட் ஷிப்ட் முடிச்சு, தூங்காத கண்ணோட காலேஜ் ஆபீஸ் ஜன்னல்ல வந்து நின்னாரு. பேனர்ல எனக்குப் பக்கத்துல சிரிச்ச ஒருத்தர்கூட அவரை ஏன்னு கேக்கல.

கிளாஸ்ல எனக்குப் பேரே கிடையாது. பாப்பா. நான் போனா பேச்சு நின்னுடும். கெட்டவங்க இல்ல அவங்க, 18 வயசுக்காரங்க பேசறதைப் பேசினாங்க, அவ்ளோதான். என் வயசுப் பிள்ளைங்க அப்போ ஸ்கூல்ல இருந்தாங்க. தெருவுல பாத்தா அவங்க என்னை அக்கான்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. இங்க பாப்பா, அங்க அக்கா. நான் யாரு?

மூணாவது வருஷம் இன்-பிளான்ட் ட்ரெயினிங். கேட்டுல ஆதாரை வாங்கிப் பாத்துட்டு, "18 முடியலையேம்மா"ன்னு நிறுத்திட்டாங்க. அப்போ இருந்த 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 14 வயசுக்குக் கீழ வேலைக்குச் சேக்கவே கூடாதுன்னுச்சு, 18 வரைக்கும் டாக்டர் சர்டிபிகேட் கேட்டுச்சு. எந்தக் கம்பெனி அந்த வம்புக்குப் போகும்? செக்யூரிட்டி அண்ணன் மேல எனக்குக் கோபமே இல்ல. அந்தக் காலேஜ் வாழ்க்கையில என் வயசைப் பாத்த மொத ஆளு அவருதான். கேம்பஸ் இன்டர்வியூலயும் அதே கதை. சரி, 18 முடியட்டும்னு இருந்துட்டுப் போனா, "கேப் இருக்கே, சும்மாவா இருந்தே?"ங்கறாங்க. வயசு ஏறக் காத்திருந்தேன் சார்!

டாக்டருக்குப் படிக்கவே 17 ஆகணும்னு விதி இருக்கு. சின்னப் பிள்ளையைக் காலேஜ்ல சேத்துக்கிட்டா அப்புறம் என்ன செய்யணும்னு ஒரு விதிகூடவா இல்ல? அமெரிக்காவுல வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1977-லேருந்து இப்படிப் பிள்ளைங்களைச் சேக்குது. தனியா ஒரு வருஷம் பழக்கி, ஒத்த வயசுக்காரங்களைக் கூட்டாத்தான் உள்ள அனுப்பற ஏற்பாடு அங்க உண்டு. இங்க? பீகார்ல ததாகத் அவதார் துளசின்னு ஒரு பையன், 10 வயசுல பி.எஸ்ஸி. முடிச்சான். 2001-ல அரசாங்கமே அவனை ஜெர்மனிக்கு, நோபல் விஞ்ஞானிகள் கூட்டத்துக்கு அனுப்புச்சு. திரும்பி வந்தா, மனப்பாடப் பையன், போலி மேதைன்னு பத்திரிகையில எழுத்து. அப்போ அவனுக்கு 13 வயசு. தூக்கி வெச்சதும் நீங்க, போட்டு ஒடச்சதும் நீங்க. பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி.யில அவரு அப்புறம் டாக்டர் பட்டமே வாங்கினாரு. அந்த 13 வயசை யாரு திருப்பிக் கொடுத்தா?

இங்க பக்கத்துல வல்லம் வடகால்ல கம்பெனிப் பொண்ணுங்க 18,720 பேர் தங்க 2024-ல விடுதி திறந்தாங்க. நல்ல காரியம். வேலைக்கு வர்ற பொண்ணு எங்க தூங்குவான்னு யோசிக்கத் தெரிஞ்ச ஊருக்கு, 14 முடியாம படிக்க வந்தவ யாரோட உக்காந்து சாப்பிடுவான்னு யோசிக்கத் தெரியலையா?

நம்ம காலேஜ்ல இந்த வருஷமும் ஒரு பையனைச் சேத்திருக்கீங்களாம். 13 வயசாம். அவனோட ரெண்டாவது வருஷ ஃபீஸ் யார் கட்டுவாங்க? ட்ரெயினிங்குக்கு எந்தக் கேட்டுல கொண்டுபோய் நிறுத்துவீங்க? படிச்சு முடிச்சிட்டு 18 ஆகற வரைக்கும் அவன் என்ன செய்யணும்? இதையெல்லாம் அவங்க அப்பாகிட்டச் சொன்னீங்களா? மேடையில இல்ல சார், எழுத்துல.