பழுதுபட்ட லென்ஸும் ஓர் ஊரின் நினைவும்

திருவண்ணாமலையில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். தொழில்முறைப் புகைப்படக்காரர். முகூர்த்த மாதங்களில் கல்யாணம், காதுகுத்து. மற்ற நாள்களில் கோவில், மலை, கிரிவலப் பாதையின் மனிதர்கள். முன்னது வயிற்றுக்கு, பின்னது தனக்கு என்பார். பல ஆண்டுகளாக அவர் எடுத்துச் சேர்த்திருக்கும் தீபத் திருவிழாப் படங்களை வரிசையாகப் பார்த்தால், அவ்வூர் எப்படி மாறிவந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சியம் தேவைப்படாது.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் உருண்டு வீடுகளின் மேல் விழுந்து ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். அம்மழையில் நனைந்தபடி படமெடுத்தவர்களில் நண்பரும் ஒருவர். அவர் வீடு திரும்பினார். அவருடைய லென்ஸ் திரும்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே ஈரம் இறங்கி, தானாகக் குவியும் விசை நின்றுவிட்டது. சென்னைக்கு எடுத்துச் சென்றார். உதிரி, கூலி, வரி எல்லாம் சேர்த்து 58,000 ரூபாய் என்று ஒரு தாளை நீட்டினார்கள். அதே லென்ஸைப் பிறர் கையிலிருந்து பழையதாக வாங்க அதைவிடச் சில ஆயிரங்களே கூடுதலாகும். நண்பர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்.

இந்த விலை எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்க்கலாம். கருவி நுட்பமானதுதான், அதை மறுப்பதற்கில்லை. கண்ணாடிகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் படத்தின் ஓரம் மங்கிப்போகும். கழற்றி மாட்டியபின் அளந்து நேர்ப்படுத்த வேண்டும். அதற்குக் கருவியும் மென்பொருளும் பயிற்சியும் வேண்டும். நிறுவனங்கள் சொல்லும் இந்த நியாயத்தை நான் ஏற்கிறேன். ஆனால், நண்பரின் லென்ஸில் கெட்டது, அவருக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் திறந்து பார்த்துச் சொன்னபடி, ரிப்பன் போன்ற ஒரு மெல்லிய மின்னிணைப்பு மட்டுமே. அந்த ரிப்பனைத் தனியாக விற்பதில்லை. அது பொருந்தியிருக்கும் பாகம் முழுவதையும் மாற்றுவதே நிறுவனத்தின் வழக்கம். மெக்கானிக்கிற்கு அதை வாங்கவும் வழியில்லை. பிரித்துச் சேர்க்கும் முறையைச் சொல்லும் கையேடும் அவருக்குக் கிடைக்காது. இறந்துபோன இன்னொரு லென்ஸ் கிடைத்தால் அதிலிருந்து எடுத்துப் பொருத்துகிறேன் என்றாராம்.

ஆக, நாம் கொடுக்கும் விலையில் ஒரு பகுதிதான் வேலைக்கானது. மிச்சம், அறிவையும் உதிரியையும் பூட்டி வைத்திருப்பதற்கான விலை.

இந்தப் பூட்டு எப்போதும் இருந்ததல்ல. 1982-இல் வெளிவந்த நிக்கான் எஃப்எம்2 போன்ற கேமராக்களில் மின்கலம் ஒளியளவு காட்டுவதற்கு மட்டுமே. ஷட்டர் முழுக்கவும் விசைச்சுருளாலும் பற்சக்கரங்களாலும் இயங்கியது. நுண்ணிய வேலை பழகிய கையொன்று அதைத் திறந்து துடைத்து எண்ணெயிட முடிந்தது. இன்றைய கேமராவின் ஆற்றலை நான் குறைத்துச் சொல்லவில்லை. இருட்டில் அது காண்பதை அன்றைய படச்சுருள் கனவிலும் கண்டதில்லை. ஆனால் அதன் ஆயுளுக்குக் கணக்கு உண்டு. தொழில்முறைக் கேமராவின் ஷட்டர் 2,00,000 முறை இயங்கும் என்று சொல்கிறார்கள் என்றால், கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுப்பவருக்கு அது அறுபத்தாறு கல்யாணங்கள். பிறகு மறுபடியும் ஒரு தாளை நீட்டுவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுவதே பழுதைப் பெரிதாக்குகிறது. கார்த்திகை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். தொடக்கத்திலேயே திறந்து துடைத்தால் போய்விடும். விட்டுவைத்தால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பிறகு துடைத்தும் பயனில்லை. கைக்கெட்டும் தூரத்தில், கைக்கெட்டும் கூலியில் ஆள் இருந்தால் பிழைத்திருக்கக்கூடிய லென்ஸ்கள் சிற்றூர் ஸ்டுடியோக்களின் அலமாரிகளில் குருடாகிக் கிடக்கின்றன.

இது நம் ஊர்ச் சங்கடம் மட்டுமல்ல. அமெரிக்காவில் நிக்கான் நிறுவனம் 2012-இல் வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரி விற்பதை நிறுத்தியது. தான் அங்கீகரித்திருந்த பணிமனைகளுடனான ஒப்பந்தங்களையும் 2020 மார்ச்சோடு முடித்துக்கொண்டது. எதிர்ப்பும் அங்கிருந்தே எழுந்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் கலிஃபோர்னியச் சட்டம், 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுப் பொருள்களுக்கு, உற்பத்தி நின்று ஏழாண்டுகள் வரை உதிரியும் கருவியும் கையேடும் தரவேண்டும் என்கிறது. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் இணையதளம் வேண்டுகோள் விடுக்கும்; சட்டம்தான் கட்டாயப்படுத்தும்.

இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்கலாம். ரமணரின் முகம் என்று நம் மனத்தில் தோன்றுவது 1940களில் ஜி.ஜி. வெல்லிங் எடுத்த படம். 1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தபோது ஆசிரமத்தில் இருந்தவர்களில் கார்த்தியே-பிரெஸ்ஸோனும் ஒருவர்; அவரது கடைசி நாள்கள் நமக்குக் காணக் கிடைப்பது அந்த லைக்காவின் வழியாகவும்தான். கி.ரா.வின் முதுமையைப் புதுவை இளவேனிலின் படங்கள் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடிகிறதா? எழுத்தாளனுக்குப் பேனா கெட்டால் பத்து ரூபாய். இவர்களுக்கு அப்படியல்ல. வெளியிலிருந்து வரும் பெரிய கலைஞர்களின் கருவிகளுக்கு எப்படியும் வழி பிறந்துவிடும். ஓர் ஊரில் நிலைத்திருந்து, யாரும் கேட்காமலே ஆண்டுதோறும் அதைப் பதிவுசெய்யும் மனிதருக்குத்தான் 58,000 ரூபாய் என்பது ஒரு முற்றுப்புள்ளி.

அலைபேசியில் எடுத்தால் போதாதா என்றேன். கோபுரத்தடியிலிருந்து 2,668 அடி உயரத்தில் தெரியும் தீபத்தை அதில் எடுத்துக் காட்டினார். கருப்பில் ஒரு மஞ்சள் புள்ளி. இப்போது முகூர்த்தங்களுக்கு வாடகை லென்ஸ் வாங்குகிறார்; வாடகையைக் கல்யாண வீட்டார் கணக்கில் சேர்த்துவிடலாம். மலைக்காக வாடகை கொடுக்க யார் இருக்கிறார்கள்? அந்தப் படங்களின் வரிசை 2024 டிசம்பரோடு நின்றிருக்கிறது.