ஃபார்மேட் அடிப்பதற்கு முன்

"சிஸ்டம் போச்சுங்க, ஃபார்மேட் அடிச்சுடலாமுங்க." அப்டேட் பாதியில் முறிந்து லினக்ஸ் எழாமல் நிற்கும் கணினிக்குக் காந்திபுரத்துக் கடையிலும் திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஆபீஸிலும் சொல்லப்படும் தீர்ப்பு இது. 2011-இல் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. அதன் அடித்தளம் டெபியன். அன்று முதல் லினக்ஸ் கொங்கு வீடுகளுக்குப் புதிதல்ல. தீர்ப்பு மட்டும் மாறவில்லை. அது தவறானது.

கோப்புகள் போய்விட்டன என்பது முதல் வாதம். ஆனால் இப்படி நிற்கும்போது பல நேரம் கெட்டது ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரி மட்டுமே. ஏறக்குறைய எல்லா நிரல்களும் அதை நம்பியிருப்பதால்தான் ஒரே நேரத்தில் அத்தனையும் நின்றுபோகின்றன. ஹோம் பகுதியில் உள்ள கணக்குகளையும் படங்களையும் அப்டேட் தொடுவதே இல்லை. அவற்றை அழிப்பது ஃபார்மேட்தான்.

எந்தக் கட்டளையும் ஓடாதபோது என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார்கள். 2021-இல் பழைய டெபியனிலிருந்து நேராகப் புதியதற்குத் தாவிய பலருக்கு லிப்கிரிப்ட் என்ற துணைக்கோப்பு காணாமல் போனது. அது ஜிலிப்சியிலிருந்து பிரிந்து தனிப் பேக்கேஜாகியிருந்தது. பழையது நீங்கிய பின்னும் புதியது வந்து சேரவில்லை. பெர்ல் என்ற நிரல்மொழி நின்றது, அதை நம்பிய நிறுவலும் நின்றது. ஆனால் டெப் கோப்பை, அதாவது டெபியன் பேக்கேஜை, பிரிக்கும் கருவிக்கு லிப்கிரிப்ட் தேவையில்லை. பேக்கேஜை இறக்கி, பிரித்து, உள்ளிருந்த கோப்பை அதன் இடத்தில் வைத்ததும் அப்டேட் தொடர்ந்தது. ஒரே நிபந்தனை: திறந்திருக்கும் ரூட் (நிர்வாகி) டெர்மினலை மூடக் கூடாது. மூடினால் மறுபடி உள்ளே நுழைய கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதற்கே அந்தக் கோப்பு வேண்டும்.

ஜிலிப்சியே முழுதாகப் போயிருந்தாலும், எந்த லைப்ரரியையும் நம்பாத ஸ்டாட்டிக் பிஸிபாக்ஸ் என்ற கருவித்தொகுப்பை முன்பே போட்டு வைத்திருந்தால் கோப்புகளை நகர்த்தலாம்.

பூட்டே ஆகவில்லையா? லைவ் பென்டிரைவில் எழுப்பி, வட்டை மவுன்ட் செய்யுங்கள். பலர் உடனே அந்த வட்டின் சிஸ்டத்துக்குள் நுழைய சிரூட் அடித்து, அது தோற்றதும் கைவிடுகிறார்கள். தோற்பது இயல்பே, சிரூட் அழைக்கும் ஷெல்லுக்கும் அதே உடைந்த ஜிலிப்சிதான் வேண்டும். முதலில் வெளியிலிருந்தே ஜிலிப்சி பேக்கேஜை அந்த வட்டில் பிரித்துப் போட வேண்டும். லைப்ரரியும் அதை ஏற்றும் லோடரும் ஒரே பதிப்பாக இருப்பது மிக முக்கியம். பிறகு சிரூட் திறக்கும், அரைகுறை அப்டேட்டை முடிக்கலாம்.

"அப்டேட்டே போடாதீங்க" என்ற அறிவுரை இன்னும் ஆபத்தானது. 2015 ஜனவரியில் வெளிப்பட்ட 'கோஸ்ட்' என்ற பாதுகாப்பு ஓட்டை, 2000-இல் வந்த ஜிலிப்சி 2.2 முதலே இருந்தது. இணையத்தோடு இணைந்த மில் சர்வரை அப்படியே விட்டுவைப்பது பாதுகாப்பாகாது. ஒவ்வொரு டெபியன் பதிப்பாக, இடையில் எதையும் தாண்டாமல், பேக்கப் எடுத்துக்கொண்டு ஏறுவதே முறை.

வட்டே பழுதாகியிருந்தால் கதை வேறு. அங்கே ஃபார்மேட்டும் உதவாது. தரவைப் பிரதி எடுத்துக்கொண்டு வட்டை மாற்ற வேண்டும்.